வாதம் வந்த காலை இழுக்காதீங்க... உஷார்!

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரின் கால் முதலில் துவண்டு கிடக்கும். தூக்கினால் வரும், விட்டால் தொப்பென்று விழும். இரண்டு வாரமோ, ஆறு வாரமோ, சிலருக்கு மூன்று மாதமோ போனபிறகு அதே கால் மெல்ல விறைக்கத் தொடங்கும். கெண்டைக்கால் கெட்டிப்படும். குதிகால் தரையில் பதியாமல் மேலே ஏறும். பாதம் உள்பக்கமாகத் திரும்பும். விரல்கள் செருப்புக்குள்ளேயே மடங்கிச் சுருளும். வீட்டில் முதலில் சந்தோஷம்: “காலுக்கு உயிர் வந்துடுச்சு!” அடுத்த வாரமே பயம்: “என்னங்க இது, கட்டையாட்டம் ஆயிக்கிட்டே போகுது?”

அந்தப் பயத்தில் எடுக்கும் முடிவுகள்தான் ஆபத்து. “நல்லா அழுத்தி நீவி விடுற ஆள் ஒருத்தர் இருக்காரு, மூணே நாள்ல காலை நிமுத்திடுவாரு” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் தசை தளர ஒரு அட்டை மாத்திரை கைக்கு வந்துவிடும். செல்போனைத் திறந்தால் எண்ணெய், ஒத்தடம், ஸ்டெம் செல் என்று வரிசையாக வீடியோக்கள். எல்லாமே அன்போடு செய்யப்படுபவைதான். ஆனால் இவற்றில் சில அந்தக் காலை நிரந்தரமாக முடக்கும். சில ஆளையே கொண்டுபோய்விடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எப்படி என்று பார்த்துவிடலாம்.

மூளை தசைகளுக்கு அனுப்பும் உத்தரவுகளில் ‘நகரு’ மட்டும் இல்லை, ‘அடங்கு’ என்பதும் உண்டு. ஒரு தசையை இழுத்தால் முதுகுத்தண்டு உடனே அதைச் சுருங்கச் சொல்லும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்ன சுத்தியலால் தட்டும்போது கால் எகிறுகிறதே, அதுதான் இது. நல்ல நிலையில் இருக்கும் மூளை இந்தத் துள்ளலை அடக்கியே வைத்திருக்கும். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி சேதமாகும்போது அந்தக் கட்டுப்பாடு அறுந்துவிடுகிறது. முதுகுத்தண்டு தன்னிஷ்டத்துக்குத் தசையை முறுக்கிவைக்கிறது. டாக்டர்கள் இதை ‘ஸ்பாஸ்டிசிட்டி’ என்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது வருகிறது.

இதில் வேகம்தான் விஷயமே. 1980-ல் ஜேம்ஸ் லான்ஸ் என்ற ஆஸ்திரேலிய நரம்பியல் நிபுணர் இந்த இறுக்கத்துக்குக் கொடுத்த விளக்கம்தான் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. தசையை எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு பலமாக அது எதிர்க்கும் என்பதே அதன் சாரம். காரில் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும் அல்லவா, அப்படி. ஆக, ‘பலமான கை’ இந்தக் காலுக்கு எதிரி. இழுக்க இழுக்க அது இறுகும். இறுக இறுக, இழுப்பவர் இன்னும் பலம் காட்டுவார். நடுவில் மாட்டிக்கொண்டு வலியில் துடிப்பவர், பேச்சும் போய்விட்டவராக இருந்தால், நிறுத்தச் சொல்லக்கூட முடியாது. “வலிச்சாத்தான் சரியாகும், பொறுத்துக்குங்க” என்று யாராவது சொன்னால், அந்த நிமிஷமே அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.

முதல் உஷார், உயிர் சம்பந்தப்பட்டது. கெண்டைக்கால் கெட்டியாக இருப்பதெல்லாம் தசை இறுக்கம் அல்ல. அசையாமல் கிடக்கும் காலில் ரத்த ஓட்டம் மந்தமாகும். ஆழத்தில் இருக்கும் சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். கால் வீங்கும், லேசாகச் சுடும், கெண்டைச்சதை விண்ணென்று இருக்கும். உணர்ச்சி குறைந்த கால் என்பதால் நோயாளிக்கு வலியே தெரியாமலும் போகலாம். வீட்டில் இருப்பவர்கள் ‘ரொம்ப இறுகிப்போச்சு’ என்று நினைத்து எண்ணெய் காய்ச்சி, கெண்டையில் கட்டைவிரலை ஊன்றி மேல்நோக்கி உருவுகிறார்கள். அந்தக் கட்டி பெயர்ந்தால் நேராக இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு பேச்சே கிடையாது, நிமிடக் கணக்குதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, தையல்காரர் வைத்திருக்கும் டேப். முழங்கால் சிப்பிக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கால்களிலும் சுற்றளவை அளந்து பாருங்கள். வாதம் வந்த கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் அது சந்தேகத்துக்கு இடமான வீக்கம். ரத்த உறைவு இருக்குமா என்று கணிக்க டாக்டர்கள் போடும் மதிப்பெண் முறையிலேயே இந்த அளவு இருக்கிறது, கால் செயலிழந்திருப்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்ணும் இருக்கிறது. அளவு குறைவாக இருப்பதாலேயே நிம்மதி அடையவும் வேண்டாம். சூடு, சிவப்பு, புதிய வலி எது இருந்தாலும் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அந்தக் காலில் எண்ணெயும் வேண்டாம், உருவுவதும் வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் யோசிக்காமல் 108.

இதையொட்டி இன்னொன்று. பக்கவாதம் வந்தவர்களில் பலர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள். அவர்கள் காலில் ஆழமாக அழுத்தினால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். மேலே தோலில் நீலம் பாரிக்கும்போதுதான் தெரியவரும். செயலிழந்த பக்கத்து எலும்பும் நாளாக ஆகக் கால்சியம் இழந்து மெலியும். பக்கவாதத்துக்குப் பிறகு இடுப்பெலும்பு முறிவு அதிகமாவதும், அது பெரும்பாலும் வாதம் வந்த பக்கத்திலேயே நடப்பதும் மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அறுபது, எழுபது வயது அம்மாவின் தொடையில் முழங்காலை ஊன்றி காலை விரிக்கும் ‘வைத்தியர்’ எந்த எலும்பின் மேல் ஏறி நிற்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

ஒத்தடம்? நொச்சி, ஆமணக்கு இலை, தவிட்டு மூட்டை, சுடுமணல், ரப்பர் பை, கரன்ட்டில் சூடாகும் பேட் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. இதமான சூடு தசையைச் சிறிது நேரம் தளர்த்தும், உண்மைதான். ஆனால் உணர்ச்சி மங்கிய காலுக்கு ‘போதும், சுடுது’ என்று சொல்லத் தெரியாது. சர்க்கரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், கடைசியில் விரலை எடுக்கும் வரை போகும். கொடுப்பதாக இருந்தால் நல்ல பக்கத்துக் காலில் முதலில் வைத்து அவரிடமே சூடு எப்படி என்று கேளுங்கள். தோல் சிவக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சூட்டுப் பையை வைத்துவிட்டுத் தூங்கப் போவது கூடவே கூடாது.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு கண்ணிக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

நேற்றுவரை சுமாராக இருந்த கால் இன்று திடீரென்று அதிகமாக விறைத்தால், காலைப் பார்க்காதீர்கள். உடம்பின் மற்ற இடங்களைப் பாருங்கள். மூளையின் கட்டுப்பாடு இல்லாத முதுகுத்தண்டு, உடம்பில் எங்கே எது உறுத்தினாலும் அதற்குப் பதிலாகத் தசையை முறுக்கும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கலாம். சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கலாம். நான்கு நாளாக மலம் போகாமல் இருக்கலாம். பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கலாம். முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் தொடங்கியிருக்கலாம். காலைத் தாங்கக் கட்டும் ஸ்பிளின்ட்டின் பட்டை இறுக்கமாக இருக்கலாம். யாருக்கும் தெரியாமல் விழுந்து எலும்பு கீறியிருக்கலாம். அவருக்குச் சொல்லத் தெரியாததைக் கால் சொல்கிறது. அந்தக் காரணத்தைத் தீர்த்தாலே பல நேரம் கால் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

இப்போது கண்ணி எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒருவர் தசை இறுக்கத்துக்காக டிசானிடின் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது. அதனால் கால் இன்னும் விறைக்கிறது, கூடவே நீர்க்கடுப்பு. மகன் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் “அப்பாவுக்கு ஒண்ணுக்குப் போனா எரியுதாம்” என்கிறார். அங்கே சகஜமாகக் கிடைப்பது சிப்ரோஃப்ளாக்சசின். நம் வீடுகளில் பாதிக்குத் தெரிந்த ‘சிப்ரோ’தான். டிசானிடினைக் கல்லீரலில் உடைத்து வெளியேற்றும் நொதியை இந்த சிப்ரோ முடக்கிவிடும். பின்லாந்தில் செய்யப்பட்டு 2004-ல் வெளியான ஆய்வில், சிப்ரோவோடு சேர்த்துக் கொடுத்தபோது உடம்பு எதிர்கொண்ட டிசானிடினின் அளவு சுமார் 10 மடங்கு ஏறியது. ஒரு மாத்திரை பத்து மாத்திரையின் வேலையைச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் சரிந்து, கண் செருகி, பாத்ரூம் போக எழுந்தவர் அப்படியே சாய்கிறார். ஏற்கெனவே பி.பி. மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால் சரிவு இன்னும் ஆழம். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது மருந்து விதி. ஆனால் விதி கவுன்டரில் நிற்பவருக்குத் தெரிய வேண்டுமே! டிசானிடின் சாப்பிடுபவர் வீட்டில், ‘சிப்ரோ கூடாது’ என்று மருந்து டப்பாவின் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டிவையுங்கள். மனநல மருந்தான ஃப்ளூவாக்சமினுக்கும் இதே தடை உண்டு.

மற்றொரு மாத்திரை பாக்லோஃபென். 1962-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்டது. வலிப்புக்கு அவ்வளவாக உதவவில்லை, தசை இறுக்கத்தைக் குறைத்தது. அதனால் இந்தப் பக்கம் வந்தது. முதுகுத்தண்டில் அந்த ‘அடங்கு’ உத்தரவைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் மருந்து. சின்ன அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். இதில் இரண்டு இடத்தில் உஷார் தேவை.

ஒன்று, சிறுநீரகம். பாக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடம்பிலேயே தேங்கி மூளையை மயக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சிறுநீரகக் கோளாறு உள்ள முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நாளுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல் தொடங்கியவர்கள், அதைவிடக் குறைவாக எடுத்தவர்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மூளைக் குழப்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நம் ஊரில் பக்கவாதம் வருபவர்களில் சர்க்கரையும் பி.பி.யும் உள்ளவர்களே அதிகம், அந்த இரண்டும் சிறுநீரகத்தைத் தின்பவை. எனவே கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டாமல் இந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது. தொடங்கிய சில நாட்களில் தாத்தா சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, “வயசாச்சு” என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டு, திடீர் நிறுத்தம். “மாத்திரை தூக்கமா வருது, நிறுத்திட்டோம்” என்பது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். பல வாரம் சாப்பிட்ட பாக்லோஃபெனை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு, இல்லாததைக் கண்டு அலறுதல், கடும் காய்ச்சல், முன்னைவிட மோசமான விறைப்பு எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. டிசானிடினை வெட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவருக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் போகும்போதும், வேறு காரணத்துக்காக ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றில் படுக்கும்போதும் இந்த மாத்திரைகள் சத்தமில்லாமல் விட்டுப்போகும். முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். குறைப்பதானாலும் அவர் சொல்லும் படிக்கட்டில்தான் இறங்க வேண்டும்.

இன்னொரு விஷயம் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சிலருக்கு அந்த விறைப்புதான் நடக்க உதவுகிறது. பலம் போன தொடைத்தசையை விறைப்பு முட்டுக்கொடுத்து நிறுத்துவதால்தான் முழங்கால் மடியாமல் அவர் வாக்கரோடு நிற்கிறார். மாத்திரை உடம்பு முழுவதும் தளர்த்தும், இந்தத் தசையை விடு அந்தத் தசையைத் தொடு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. இறுக்கம் குறைந்ததும் முழங்கால் மடிந்து ஆள் விழுகிறார். ஆகவே ‘இறுக்கம் போகணும்’ என்று கேட்டு டாக்டரிடம் போகாதீர்கள். ‘குதிகால் பதியணும்’, ‘செருப்பு மாட்டணும்’, ‘தொடை விரிஞ்சாத்தான் சுத்தம் பண்ண முடியுது’, ‘ராத்திரி இழுப்பு வலியில தூங்க முடியல’ என்று என்ன நடக்க வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் எந்தத் தசை, எந்த மருந்து என்பது முடிவாக வேண்டும்.

ஒன்றிரண்டு தசைகள்தான் பிரச்சினை என்றால் ஊசி இருக்கிறது. போட்டுலினம் டாக்ஸின். சினிமாக்காரர்கள் முகச்சுருக்கத்துக்குப் போடும் அதே போடாக்ஸ்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் பெரியவர்களின் கால் தசை இறுக்கத்துக்கும் இதை அனுமதித்தது. நரம்பு தசையோடு சேரும் இடத்தில் செய்தியை மறிக்கும். சில நாட்களில் வேலை தொடங்கி, சில வாரங்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் வடியும். அந்த மூன்று மாத ஜன்னல்தான் முக்கியம். ஊசி போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தால் காசும் போச்சு, காலும் போச்சு. தசை தளர்ந்திருக்கும் அந்தக் காலத்தில் பிசியோ, ஸ்பிளின்ட், நிற்கும் பயிற்சி மூன்றும் கூடவே நடக்க வேண்டும்.

ஊசியிலும் உஷார் இல்லாமல் இல்லை. பாதத்தை உள்ளே திருப்பும் முக்கியமான தசை, காலின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. அல்ட்ராசவுண்ட் அல்லது தசை மின்னோட்டக் கருவியின் உதவியோடு போட்டால்தான் மருந்து சரியாக அங்கே போகும். ‘எதைப் பார்த்துப் போடுவீங்க?’ என்று கேட்பதில் தப்பே இல்லை. ஒரு பிராண்டின் ‘யூனிட்’ இன்னொரு பிராண்டின் யூனிட் ஆகாது, இரண்டையும் ஒப்பிட்டு விலை பேசக் கூடாது. பொதுவாக 12 வாரத்துக்கு முன்னால் மறுபடி போடுவதில்லை. மருந்து அபூர்வமாகக் காலைத் தாண்டிப் பரவலாம். ஊசி போட்ட அன்றோ, சில வாரம் கழித்தோகூட விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், மூச்சு வாங்குதல் தெரிந்தால் உடனே எமர்ஜென்சி. பக்கவாதத்தில் ஏற்கெனவே விழுங்கச் சிரமப்படுபவர் வீட்டில் இதை இரட்டிப்பு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

எந்த ஊசியும் மாத்திரையும் ஒரு கட்டத்துக்குமேல் கேட்காது. சுருங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விடப்பட்ட தசை உண்மையிலேயே குட்டையாகிவிடும். அப்புறம் அது நரம்புப் பிரச்சினை இல்லை, நீளம் போன பிரச்சினை. வித்தியாசத்தை ஓரளவுக்கு வீட்டிலேயே உணரலாம். அவர் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது முழங்காலை மடக்கி, பாதத்தை மிக மிக மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். மெதுவாகச் செய்தால் வருகிறது, வேகமாகச் செய்தால் மறுக்கிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது என்றால் தசை சுருங்கத் தொடங்கிவிட்டது. அதற்கு மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டு நீட்டுவது, கடைசியில் குதிகால் தசைநாரை நீளமாக்கும் ஆபரேஷன் என்று வழிகள் வேறு. ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று காத்திருப்பதும் முரட்டுத்தனமாக இழுப்பதற்குச் சமமான தவறு என்பது என் கட்சி.

மெதுவான கை எப்படி இருக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளங்கை அவருடைய குதிகாலைக் கிண்ணமாகப் பிடிக்கும், முன்கை உள்ளங்காலில் ஒட்டிப் படுத்திருக்கும். குதிகாலைக் கீழ்நோக்கி இழுத்தபடியே உங்கள் உடம்பை முன்னால் சாய்த்தால் பாதம் மேலே வரும். விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் மட்டும் அழுத்தித் தள்ளாதீர்கள். அந்த இடத்தில் அழுத்தம் பட்டாலே கால் முழுக்க நீட்டி விறைக்கும், பாதத்தின் நடுப்பகுதியும் வளைந்துபோகும். நடுவில் கால் டகடகவென்று உதற ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம், வலிப்பும் அல்ல. அழுத்தத்தைக் குறைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி விடுங்கள், நிற்கும். உட்கார்ந்திருக்கும்போது உதறினால், குதிகாலைத் தரையில் ஊன்றி, முழங்காலின் மேல் கையை வைத்து எடையைக் கீழே இறக்கினால் அடங்கும்.

இதிலும் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிறர் பிடித்து நீட்டிவிடுவது மட்டும் போதாது. நீட்டும் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு 2017-ல், நரம்பு நோயாளிகளிடம் அதனால் மட்டும் மூட்டின் அசைவில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்றே முடிவுக்கு வந்தது. ஆளை நிற்க வைக்க வேண்டும், உட்கார்ந்து எழ வைக்க வேண்டும், எடையை அந்தக் காலில் இறக்க வைக்க வேண்டும். ‘பலப் பயிற்சி செஞ்சா இன்னும் இறுகும்’ என்று ஒரு காலத்தில் பிசியோக்களே பயந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டன. பகலெல்லாம் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்க வைப்பது வசதியாகத் தெரியும். ஆனால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே உறைந்துபோவதற்கு அதுவே ராஜபாட்டை.

ஸ்பிளின்ட்டோ, ஷூவுக்குள் மாட்டும் பிளாஸ்டிக் தாங்கியோ வாங்கினால், முதல் நாளில் அரை மணி நேரத்தில் கழற்றித் தோலைப் பாருங்கள். கணுக்காலின் எலும்பு முட்டுகளிலும் குதிகாலின் பின்பக்கத்திலும் சிவப்பு இருக்கும். இருபது நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் அதை மறுபடி மாட்டாமல் செய்தவரிடமே எடுத்துப் போய்த் திருத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் விளம்பரங்கள். ‘பக்கவாதம் முழுமையாக குணமாகும்’ என்ற போஸ்டரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மாய மருந்துகள் தொடர்பான 1954-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின் அட்டவணையில் பக்கவாதமும் இருக்கிறது. இதைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதே குற்றம். சட்டத்தை மீறித்தான் அந்த போஸ்டரே ஒட்டப்பட்டிருக்கிறது. ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது தவிர மற்ற ஸ்டெம் செல் முயற்சிகளெல்லாம் பரிசோதனை நிலையில்தான் இருக்க வேண்டும், பரிசோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. புறா ரத்தத்தைக் காலில் பூசும் வழக்கத்தைப் பற்றி என்ன சொல்வது! புறாவுக்குப் பாவம், காலுக்கு ஒன்றும் இல்லை.

இவற்றின் உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. “எங்க மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடணும்” என்ற நிபந்தனையில். அதைக் கேட்டு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், பி.பி. மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் ஒரே நாளில் நிற்கும். கால் இறுக்கத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் இரண்டாவது பக்கவாதத்தோடு திரும்புவார். மருந்து சித்தாவோ, ஆயுர்வேதமோ, வேறெதுவோ, எழுதிக் கொடுப்பவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை உங்கள் டாக்டர் சொல்லாமல் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

எங்கே போவது? நரம்பியல் டாக்டரிடம் மட்டுமே போய் நின்றுவிடாதீர்கள். ‘உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வு’ என்று ஒரு துறை இருக்கிறது, பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். சென்னை கே.கே. நகரில் இதற்கென்றே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறை, 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் உழைப்பில் எழுந்தது. நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும், கட்டணம் கிடையாது.

போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசியாக எடுத்த கிரியேட்டினின் ரிப்போர்ட்டும் வேண்டும். அவர் தினமும் போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள், எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்பதில் பாதம் எப்படித் திரும்புகிறது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். நடக்கக்கூடியவர் என்றால் முன்பக்கத்திலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று செல்போனில் நடையைப் படம் பிடித்து வையுங்கள், ஓ.பி. கூட்டத்தில் நடந்து காட்ட இடம் கிடைக்காது. 0 முதல் 4 வரையிலான இறுக்க அளவுகோலில் கால் எந்த எண்ணில் இருக்கிறது என்று கேட்டு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த எண் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், மாத்திரையைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால் சிறுநீர்ப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள்.